துணியின் மறுபுறம்

நுழையும்முன்

ஊசியும் நூலும் சிறிய கருவிகள். அவற்றைக் கையாளும்போது வெளிப்படுபவையோ பொறுமை, கணக்கு, நேர்மை ஆகிய பெரிய பண்புகள். குறுக்குத் தையலை நேர்த்தியாகச் செய்யும் முறைகளையும், அந்நேர்த்தி எதைச் சார்ந்திருக்கிறது என்பதையும் தாம்பரத்து வீடொன்றில் நிகழ்ந்ததன் வழியாக இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

சன்னலோர நாற்காலி

மேற்குத் தாம்பரத்தில் சண்முகம் சாலையின் இரைச்சலைக் கடந்து மூன்று தெரு உள்ளே சென்றால் அந்த வீடு வரும். முன்னறையில் வடக்குப் பார்த்த சன்னல்; அதையொட்டி ஒரு பழைய மர நாற்காலி. வெயில் நேராக விழாமல் வெளிச்சம் மட்டும் இடப்பக்கத்திலிருந்து வந்து மடியில் படியும்படி அந்த நாற்காலி போடப்பட்டிருக்கும். வலக்கையால் தைப்பவருக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரவேண்டும். இல்லையேல் கையின் நிழலே துணியை மறைத்துவிடும். அது ஆயாவின் நாற்காலி.

ஆயாவின் கைகள் துணியை அறிந்தவை. தாம்பரம் சானடோரியத்தில் 1984-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஏற்றுமதி வளாகத்தை அவ்வட்டார மக்கள் ‘மெப்ஸ்’ என்றே அழைப்பர். அங்கே ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றில் அவர் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். முதலில் தையல் எந்திரத்தில் அமர்ந்தார். பின்னர் தைத்து முடித்த ஆடைகளைச் சரிபார்க்கும் ‘செக்கிங்’ பிரிவுக்கு மாற்றப்பட்டார். ஒரு சட்டையைக் கையில் எடுத்ததும் அவர் செய்யும் முதல் வேலை, அதை உள்புறம் வெளியே வருமாறு திருப்புவதுதான். முன்புறத்தைத் தைத்தவரே பலமுறை பார்த்திருப்பார். விடுபட்ட தையலும் வெட்டாத நூலும் இழுபட்ட சுருக்கமும் மறுபுறத்தில்தான் ஒளிந்திருக்கும் என்பது அவரது அனுபவம்.

ஓய்வு பெற்றபின் அவர் ஒரு வேலையை மனமுவந்து தொடங்கினார். பள்ளிக்காலத்தில் மேட்டித் துணியில் பழகிய குறுக்குத் தையலில் ‘நல்வரவு’ என்னும் ஐந்தெழுத்தையும், அதன் இருபுறமும் ஒவ்வொரு கிளியையும் தைத்து, கண்ணாடிச் சட்டமிட்டு வாசலுக்கு எதிரே மாட்டவேண்டும் என்பது அவரது எண்ணம். ‘ந’, ‘ல்’, ‘வ’ என்னும் மூன்று எழுத்துகளும் இடப்பக்கத்துக் கிளியும் முடிந்த நிலையில் கண்களில் புரை முற்றியது. கட்டங்கள் ஒன்றோடொன்று கலங்கின. மீதியைத் தைக்கும் பொறுப்பு பதினோராம் வகுப்பில் படிக்கும் பேத்தியிடம் வந்தது.

ஊசி எடுப்பதற்கு முன்

தைப்பது எளிது, தைக்கத் தொடங்குவதுதான் கடினம் என்பார் ஆயா. பேத்திக்கு அவர் கற்பித்த முதற்பாடம் ஊசியைப் பற்றியது அன்று, எண்ணுவதைப் பற்றியது.

குறுக்குத் தையலுக்கான துணியில் பாவு நூலும் ஊடை நூலும் சதுரக் கட்டங்களாக அமைந்திருக்கும். ஒரு கட்டத்துக்கு ஒரு தையல். அங்குலத்துக்கு எத்தனை கட்டம் என்பதை அளவுகோல் வைத்து எண்ணிவிட்டால் கோலத்தின் அளவு கிடைத்துவிடும். ஆயா தேர்ந்த துணியில் அங்குலத்துக்குப் 14 கட்டங்கள் இருந்தன. அவரது கோலமோ 168 கட்ட அகலமும் 56 கட்ட உயரமும் கொண்டது. எனவே தைத்தபின் அது 12 அங்குல அகலத்திலும் 4 அங்குல உயரத்திலும் அமையும். சட்டமிடுவதற்காக நான்கு புறமும் மும்மூன்று அங்குலம் கூடுதலாக விட்டு, 18 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் உள்ள துணியை அவர் வெட்டியிருந்தார். வெட்டிய ஓரம் பிரிந்து போகாமலிருக்கச் சுற்றிலும் தளர்வான தையலிட்டிருந்தார். துணியை நான்காக மடித்துப் பிரித்தால் மடிப்புகள் வெட்டிக்கொள்ளும் இடமே நடு. கோலத்தை அங்கிருந்துதான் தொடங்கவேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கியவர்களுக்கு இறுதியில் துணி போதாமல் போவதுண்டு. ஐந்தெழுத்தின் நடுவெழுத்தாகிய ‘வ’தான் ஆயா முதலில் தைத்தது.

பத்துக் கட்டத்துக்கு ஒன்றாக நெட்டுக்கும் குறுக்குக்கும் வெளிறிய நூலில் ஓட்டுத்தையல் இட்டுக்கொள்வது அடுத்த வேலை. வேலை முடிந்ததும் உருவிவிடலாம். கோலத்தாளிலும் பத்துப் பத்தாகக் கோடு இருப்பதால், எண்ணிக்கை எங்கே பிசகினாலும் பத்துக் கட்டத்துக்குள் பிடிபட்டுவிடும். “நூற்றைம்பது வரை எண்ணினால் மனம் எங்கோ போய்விடும், கண்ணு. பத்து வரை எண்ணினால் போகாது” என்பது ஆயா சொன்ன காரணம்.

நூலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. கடையில் கிடைக்கும் பூத்தையல் நூல் ஆறு இழைகள் சேர்ந்தது. 14 கட்டத் துணிக்கு இரண்டு இழை போதும். இரண்டையும் ஒன்றாக இழுத்தால் சிக்கு விழும்; ஒவ்வோர் இழையாக மேல்நோக்கி உருவி, நீவிவிட்டுப் பின்னர் இணைத்தால் நூல் தட்டையாகப் படியும். நூலின் நீளம் விரல்நுனியிலிருந்து முழங்கை வரை, அதாவது ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் இருக்கவேண்டும். அடிக்கடி கோக்கச் சோம்பி நீளமாக எடுத்தால், துணிக்குள் பலமுறை உரசி நூல் மெருகிழந்து நைந்துவிடும். ஊசியும் கூர்மழுங்கியதாக இருக்கவேண்டும். கூரூசி இழையைத் துளைக்கும். மழுங்கிய ஊசியோ இழைகளுக்கு இடையே வழி தேடிச் செல்லும்.

சென்னையின் புழுக்கத்தில் கை வியர்க்காமல் இராது. எனவே துணியைத் தொடுமுன் கைகழுவுதலும், அருகில் ஒரு துண்டு வைத்துக்கொள்ளுதலும் அந்த வீட்டின் விதிகள். தலைக்கு எண்ணெய் தடவிய நாளில் தையல் இல்லை.

ஒரே திசை

குறுக்குத் தையல் என்பது ஒரு பெருக்கல் குறி. கீழே ஓர் இழை, அதன்மேல் குறுக்காக மற்றோர் இழை. மேலே கிடக்கும் இழை எல்லாத் தையலிலும் ஒரே திசையில் சாய்ந்திருக்கவேண்டும் என்பதே இக்கலையின் தலையாய விதி. ஒன்று வலப்புறமும் மற்றொன்று இடப்புறமும் சாய்ந்தால் நிறம் மாறாவிட்டாலும் வெளிச்சம் வேறுவிதமாகப் பட்டு, அவ்விடம் திட்டுத் திட்டாகத் தெரியும். இதைத் தவிர்க்க, ஒரு வரிசை முழுவதும் அரைத் தையலாகச் சென்று, திரும்பி வரும்போது அதன்மேல் குறுக்கே போட்டு முடிக்கலாம். நேரமும் மிஞ்சும், மறுபுறத்திலும் இழைகள் நிமிர்ந்த கோடுகளாக வரிசையாய் அமையும்.

தைக்கத் தைக்க நூல் தானாக முறுக்கேறும். சில தையலுக்கு ஒருமுறை ஊசியைத் துணியிலிருந்து தொங்கவிட்டால், அது சுழன்று முறுக்கை அவிழ்த்துக்கொள்ளும். இழுக்கும் அளவிலும் நிதானம் வேண்டும். இறுக்கினால் துளை பெரிதாகித் துணி சுருங்கும். தளர்த்தினால் நூல் எழும்பி நிற்கும். வளையச் சட்டத்தில் துணியை மாட்டித் தைப்பவர், அன்றன்று வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிடவேண்டும். கழற்றாவிட்டால் வளையத்தின் தடம் துணியில் தங்கிவிடும்.

மறுபுறத்துக்கு மூன்று விதிகள். முடிச்சுப் போடக் கூடாது. சட்டமிடும்போது முடிச்சு முன்புறத்தில் புடைத்துத் தெரியும். முடிச்சின்றித் தொடங்கவும் வழியுண்டு. இருமடங்கு நீளமுள்ள ஒற்றை இழையைப் பாதியாக மடித்து, இரு நுனிகளையும் சேர்த்து ஊசியில் கோத்தால் மறுமுனையில் ஒரு கண்ணி இருக்கும். முதல் அரைத் தையலிட்டு ஊசி மறுபுறம் வந்ததும், அதனை அக்கண்ணிக்குள் நுழைத்து இழுத்தால் நூல் நின்றுகொள்ளும். முடிக்கும்போது, மறுபுறத்தில் நான்கைந்து தையல்களின் அடியில் நூலைச் செலுத்திவிட்டு வெட்டவேண்டும். மூன்றாவதாக, கருநிற நூலை வெற்றிடத்தின் பின்னால் இழுத்துச் செல்லக் கூடாது. வெள்ளைத் துணியில் அது நிழலாகத் தெரியும். மறைத்ததாக நினைத்தது முன்புறத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வெந்தயமும் பூவும்

தையலுக்குத் ‘துன்னம்’ என்பது பழந்தமிழ்ச் சொல். தையற்காரரைச் சிலப்பதிகாரம் துன்னகாரர் என்று குறிக்கிறது. முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையில், வறுமையுற்ற பொருநனின் கந்தலாடை வேற்று நூலால் தைக்கப்பட்டதாகக் காட்டப்படுகிறது. அவனுக்குக் கரிகாலன் அளித்த ஆடையோ, இழை போகும் வழியைக் கண்ணால் தொடரமுடியாத நுண்மையும் பூவேலைப்பாடும் கொண்டது. பாம்பின் உரியைப் போன்றது. மானத்தைக் காக்கும் தையலும் அழகைப் பெருக்கும் வேலைப்பாடும் ஒரே பாட்டில் அருகருகே நிற்கின்றன.

துணியின் இழைகளை எண்ணித் தைக்கும் கலை நம் அண்டை மாநிலத்திலும் வேரூன்றியது. கர்நாடகத்தின் தார்வாடுப் பகுதியில் வழங்கும் கசூத்தித் தையலில் ‘கவந்தி’ என்றொரு வகை உண்டு. அதில் துணியின் இருபுறமும் ஒரே கோலம் தோன்றும். குறுக்குத் தையலுக்கு அங்கே ‘மெந்தி’ என்று பெயர். மெந்தி என்பது வெந்தயம். நெருக்கமாக விழும் தையல்கள் வெந்தயம் இறைத்ததுபோல் தோன்றுவதை அப்பெயர் நினைவூட்டுகிறது. கசூத்தி வேலையில் முடிச்சுக்கு இடமில்லை.

தமிழகத்தில் இக்கலையின் உயரம் நீலகிரியில் இருக்கிறது. தோடர் இனப் பெண்கள் ‘பூத்துக்குளி’ என்னும் போர்வையில் சிவப்பும் கறுப்புமான நூலால் தைக்கின்றனர். துணியில் கோலம் வரைந்துகொள்வதில்லை. கண்ணாலும் விரலாலும் இழைகளை எண்ணியே எருமைக் கொம்பையும் பிற வடிவங்களையும் உருவாக்குகின்றனர். அவர்கள் தைப்பது துணியின் மறுபுறத்தைப் பார்த்து. கோலம் புடைத்தெழுவது அடுத்த பக்கத்தில். 2013-ஆம் ஆண்டில் தோடர் பூத்தையல் புவிசார் குறியீடு பெற்றது.

உதகைக்குச் சென்ற உறவினர் ஒருவர் வாங்கி வந்த தோடர் சால்வை ஆயாவின் பெட்டியில் இருந்தது. அதைப் பேத்தியிடம் கொடுத்து, “இதில் எது முன்புறம், எது பின்புறம் என்று சொல்” என்றார் அவர். பேத்தி நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஒரு கட்டம்

ஒரு கட்டம் தவறினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கத் தோன்றும். இரண்டாம் உலகப் போரின்போது, 1941-ஆம் ஆண்டில், அலெக்சிஸ் காஸ்டாக்லி என்னும் பிரித்தானியப் படை அதிகாரி ஜெர்மானியரின் சிறைமுகாமில் இருந்தார். நைந்துபோன கம்பளிச் சட்டை ஒன்றிலிருந்து பிரித்த நூலைக் கொண்டு அவர் குறுக்குத் தையலில் ஓர் அலங்காரத் துணியைத் தைத்தார். அதன் ஓரத்தில் புள்ளியும் கோடுமாகத் தெரிந்தது வெறும் அலங்காரம் அன்று, மோர்ஸ் குறியீடு. தம் அரசருக்கு வாழ்த்தையும் ஹிட்லருக்கு வசையையும் அவர் அதில் பொதிந்திருந்தார். காவலர்கள் பொருள் புரியாமல் அதை முகாமில் காட்சிக்கு வைத்தனர். அந்த ஓரத்தில் ஒரு தையல் கூடியோ குறைந்தோ இருந்தால் சொல் சிதைந்திருக்கும். எண்ணித் தைப்பவருக்கு ஒவ்வொரு கட்டமும் ஓர் எழுத்து.

தாம்பரத்து வீட்டில் சிக்கல் வந்ததும் ஒரு கட்டத்தால்தான். ‘ர’, ‘வு’ ஆகிய எழுத்துகளை முடித்துவிட்டு, வலப்பக்கத்துக் கிளியைத் தொடங்குவதற்காகப் பேத்தி அடிவரிசையை எண்ணினாள். கணக்கு இடித்தது. மீண்டும் எண்ணினாள். ஆயா தைத்த இடக்கிளி, கோலத்தாளில் உள்ளதைவிட ஒரு கட்டம் கீழே அமர்ந்திருந்தது. கண்ணில் புரை படரத் தொடங்கிய நாள்களில் நேர்ந்த பிழை அது. ஒரு கட்டம் என்பது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்.

அவள் அதை ஆயாவிடம் சொல்லவில்லை. கண் மங்கியதைப் பற்றி ஏற்கெனவே கலங்கியிருப்பவரிடம் இதையும் சொல்வதா என்று எண்ணினாள். பிரித்துத் தைத்தால் ஆயாவின் ஒரு மாத உழைப்பு வீணாகும். எளிய வழி ஒன்று தென்பட்டது. வலக்கிளியையும் ஒரு கட்டம் கீழே தைத்துவிட்டால் இரண்டும் சமமாகிவிடும், யாருக்கும் தெரியாது. அவ்வாறே தைத்தாள். மூன்று வாரத்தில் கிளி முடிந்தது.

அன்று மாலை ஆயா துணியை வாங்கி மடியில் விரித்தார். வழக்கப்படி மறுபுறம் திருப்பினார். அவரால் பார்க்க இயலவில்லை. விரலால் தடவினார். எழுத்துகளின் அடிவரிசையில் விரல் நேராக ஓடி, வலக்கிளியை எட்டியதும் சற்றே இறங்கியது. மறுபடி தடவினார். பிறகு இடப்பக்கம் சென்றார். அங்கும் விரல் இறங்கியது. அறையில் அமைதி நிலவியது. எங்கோ மின்தொடர்வண்டியின் ஒலி கேட்டது.

“இந்தப் பக்கம் நான் தவறிவிட்டேன். அந்தப் பக்கம் நீ ஏன் இறக்கினாய்?” என்றார்.

“சமமாக இருக்கட்டும் என்றுதான், ஆயா. பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.”

“என் பிழை தெரியாமல் வந்தது. அதற்குத் துணையாக நீ செய்தது தெரிந்தே செய்தது. செக்கிங்கில் இருந்தபோது தவறாகத் தைத்தவர்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை, கண்ணு. கை என்றால் தவறத்தான் செய்யும். அதன்மேல் ஒட்டுப் போட்டு மறைத்தவரிடம்தான் வருத்தம். என் கண் போனது எனக்குத் தெரியும். நீ மறைத்தால் என் கையும் போய்விட்டது என்று ஆகிவிடும்.”

பேத்தி தலை குனிந்து அமர்ந்திருந்தாள். தான் காக்க நினைத்தது ஆயாவின் மனத்தை. காட்டிய மதிப்போ குறைவு. அது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

பிரித்தலும் ஒரு கலை

பிரிப்பதற்கும் முறை இருக்கிறது. முன்புறத்தில் கத்தரி வைக்கக் கூடாது. மறுபுறத்தில் சிறு கத்தரியின் நுனியால் தையலை வெட்டி, ஊசியின் காதுப் பக்கத்தால் ஒவ்வொன்றாக நூலைத் தள்ளி எடுக்கவேண்டும். இழுத்தால் துணியின் இழையும் கூடவே வரும். எடுத்த நூலை மீண்டும் பயன்படுத்தக் கூடாது, அது நைந்திருக்கும். பேத்தி நான்கு மாலைகளில் தன் கிளியைப் பிரித்தாள். மூன்று வாரத்தில் சரியான வரிசையில் மீண்டும் தைத்தாள். இடக்கிளியையும் பிரித்தாள், ஆனால் அதைத் தைக்க ஆயா ஒப்பவில்லை. “அது என்னுடையது, இருக்கட்டும்” என்றார். எழுத்துகளின் இடப்பக்கத்தில் கிளியின் அளவுக்கு வெற்றிடம் காத்திருந்தது.

கண் அறுவை மருத்துவம் முடிந்து ஆறு வாரம் கழித்துப் புதிய கண்ணாடி வந்தது. மறுநாள் காலை சன்னலோர நாற்காலியில் ஆயா அமர்ந்தார். அடிவரிசையைத் தாமே எண்ணினார். பேத்தியையும் எண்ணச் சொன்னார். இருவர் கணக்கும் ஒத்தபின்தான் ஊசியில் நூல் ஏறியது.

கிளி முடிந்ததும் துணி குளிக்கவேண்டிய முறை வந்தது. சிவப்பு நூல் சாயம் விடுமா என்பதை ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்து முன்பே சோதித்திருந்தார்கள். மென்மையான சோப்புக் கலந்த குளிர்நீரில் அலசி, பிழியாமல் துண்டில் சுற்றி ஈரத்தை ஒற்றியெடுத்தார்கள். தடித்த துண்டின்மேல் முன்புறம் கீழாகக் கிடத்தி, மறுபுறத்தில் இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டார்கள். அப்போதுதான் தையல்கள் நசுங்காமல் புடைப்பு நிலைக்கும்.

நன்றாகக் கூர்ந்து பார்த்தால், இடக்கிளியின் காலடியில் ஒரு வரிசைத் துளைகள் மங்கலாகத் தெரிந்தன. பழைய கிளி அமர்ந்திருந்த இடம் அது. ஈரம் பட்டுப் பெரும்பாலும் மூடிக்கொண்ட பின்னும் அத்தடம் முற்றிலும் மறையவில்லை. பேத்தி ஊசிநுனியால் அதை நீவிவிட முயன்றாள்.

“விட்டுவிடு, கண்ணு” என்றார் ஆயா. “அது பிழை இல்லை. பிழையைத் திருத்திய அடையாளம்.”

சட்டம் போடும் கடைக்குக் கொடுக்குமுன் பேத்தி துணியை ஒருமுறை மறுபுறம் திருப்பி, அடிவரிசை நெடுக விரலை ஓட்டிப் பார்த்தாள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரல் எங்கும் இறங்கவில்லை.